சிவப்பு மூடியா, ஆரஞ்சு மூடியா? – சுகர் ஓ.பி. சிஸ்டர் பதில்கள்

நான் டாக்டர் இல்லை. 31 வருடம் அரசு ஆஸ்பத்திரிகளில் ஸ்டாஃப் நர்ஸாக இருந்தேன். அதில் கடைசி 14 வருடம் சுகர் ஓ.பி.யில். எனக்கும் 22 வருடமாகச் சர்க்கரை இருக்கிறது; தினம் இரண்டு வேளை இன்சுலின் போட்டுக்கொள்கிறேன். எந்த மாத்திரையை விடலாம், எதைக் கூட்டலாம் என்று இங்கே எழுத மாட்டேன். அது உங்களைப் பார்க்கிற டாக்டரின் வேலை. டாக்டர் சீட்டு எழுதி முடித்த பிறகு வெளியே பெஞ்சில் உட்கார்ந்து, “சிஸ்டர், ஒண்ணு கேக்கணும்…” என்று இழுப்பார்கள் இல்லையா, அந்தக் கேள்விகளுக்குத்தான் இந்தப் பக்கம்.

அம்மாவுக்கு வயது 67. அரசு ஆஸ்பத்திரியில் தரும் இன்சுலினைக் காலையில் 20, ராத்திரி 12 என்று நான்தான் போட்டுவிடுகிறேன். 150-க்குள் இருந்த சர்க்கரை, மூன்று வாரமாக 300-க்குக் கீழே இறங்கவில்லை. சாப்பாட்டில் மாற்றம் இல்லை. அங்கே தந்த ஊசி தீர்ந்துவிட்டதால் மெடிக்கலில் வாங்கிப் போடுகிறேன். மருந்து கெட்டுப்போயிருக்குமா?
– வாசகர், திருப்பூர்

தம்பி, மருந்தைச் சந்தேகப்படும் முன்னால் ஊசியின் மூடியைப் பாருங்கள். ஆரஞ்சு நிறமாக இருக்கிறதா? அப்படியென்றால் கதை முடிந்தது, கண்டுபிடித்தாயிற்று.

இன்சுலின் பாட்டில் இரண்டு வகை. ஒன்றில் 1 மி.லி.க்கு 40 யூனிட், இன்னொன்றில் 100 யூனிட். நம் ஊரில் பாட்டிலில் வருவது பெரும்பாலும் 40. அதற்கான ஊசிக்குச் சிவப்பு மூடி. 100-க்கான ஊசிக்கு ஆரஞ்சு மூடி. கடையில் “இன்சுலின் ஊசி குடுங்க” என்று மட்டும் கேட்டால் கைக்கு வந்ததை எடுத்துக் கொடுத்துவிடுவார்கள். சிவப்பு மூடி ஊசியில் 20 என்ற கோடு வரை இழுத்தால் அரை மி.லி. வரும். ஆரஞ்சு மூடி ஊசியில் அதே 20 வரை இழுத்தால் 0.2 மி.லி.தான். அதாவது 20 போட்டதாக நினைத்துக்கொண்டு அம்மாவுக்கு 8 யூனிட்தான் போட்டிருக்கிறீர்கள். ராத்திரி 12 என்று போட்டது 5-கூட இல்லை. சர்க்கரை 300-ல் நிற்காமல் என்ன செய்யும்?

நல்லவேளை, இன்னும் அளவைக் கூட்டாமல் இருக்கிறீர்கள். எங்கள் ஓ.பி.க்கு வந்த பெரியவர் ஒருவர் மாதக்கணக்கில் ஆரஞ்சு மூடியில் போட்டு வந்தார். சர்க்கரை இறங்கவில்லை என்று ஒவ்வொரு தடவையும் கூட்டிக் கூட்டி 24 என்றிருந்தது 40 ஆகிவிட்டது. உண்மையில் உள்ளே போனது 16. யாரும் ஊசியைக் கேட்கவில்லை, நானும் கேட்கவில்லை. ஒருநாள் வெளியூரிலிருந்து வந்த மகள் சரியான ஊசியை, சிவப்பு மூடியை, வாங்கி 40 கோடு வரை இழுத்துப் போட்டுவிட்டாள். விடியற்காலையில் பாயெல்லாம் வியர்வை, கூப்பிட்டால் பதில் இல்லை. குளுக்கோஸ் ஏற்றிப் பிழைத்தார். அன்றிலிருந்து ஓ.பி.க்கு வருகிற ஒவ்வொருவரையும் பாட்டில், ஊசி இரண்டையும் மஞ்சப்பையில் போட்டுக் கொண்டுவரச் சொல்வதை வழக்கமாக்கினேன். “இது என்ன, ரேஷன் கார்டா?” என்று முணுமுணுப்பார்கள். முணுமுணுக்கட்டும்.

தலைகீழாக நடந்தால் இன்னும் ஆபத்து. 100 பாட்டிலைச் சிவப்பு மூடி ஊசியில் இழுத்தால் இரண்டரை மடங்கு போய்விடும்; 20 என்பது 50 ஆகிவிடும். ஆகவே பாட்டிலில் 40 என்றிருந்தால் சிவப்பு, 100 என்றிருந்தால் ஆரஞ்சு. இன்றைக்கே மாற்றுங்கள், மாற்றியதை டாக்டரிடமும் சொல்லுங்கள். முதல் நான்கைந்து நாள் அடிக்கடி சோதித்துப் பாருங்கள்.

மூடி சிவப்பாகத்தான் இருக்கிறது என்றால் அம்மாவின் வயிற்றைத் தடவிப் பாருங்கள். ஒரே இடத்தில் குத்திக் குத்தி எலுமிச்சம்பழம் மாதிரி வீக்கம் இருக்கும். அங்கே குத்தினால் வலிக்காது, அதனால் பலரும் அந்த இடத்தையே விரும்புவார்கள். ஆனால் மருந்து அங்கிருந்து ஒழுங்காக உடம்பில் சேராது. இடத்தை மாற்றி மாற்றிப் போட வேண்டும். மருந்து ஃப்ரீசரில் உறைந்ததா, வெயிலில் நின்ற பைக் பெட்டியில் இருந்ததா என்பதையும் யோசியுங்கள். உறைந்த இன்சுலினைக் கொட்டிவிட வேண்டியதுதான். ஃப்ரிட்ஜ் இல்லாத வீட்டில் பெரிய மண்சட்டியில் ஈர மணலைப் போட்டு, அதன் நடுவில் சின்னக் கலயத்தில் பாட்டிலை வைத்து, மணல் காயாமல் தண்ணீர் தெளித்து வந்தால் போதும். திறந்த பாட்டிலுக்கு ஆயுள் நாலு வாரம்.

கருப்பட்டி போட்டுக் காப்பி குடிக்கலாமா? – வாசகி, உடன்குடி

காப்பி குடிக்கலாம். உடன்குடிக்காரரிடம் இதைச் சொல்ல எனக்கே சங்கடமாக இருக்கிறது, ஆனாலும் கருப்பட்டியும் சர்க்கரைதான். தேனும்தான்.

அச்சகத்தில் பைண்டிங் வேலை. வயது 46. ராத்திரி சோற்றை விட்டு சப்பாத்திக்கு மாறி ஆறு மாதம் ஆகிறது. சாப்பிட்ட பிறகு 170-தான் இருக்கிறது. ஆனால் காலையில் வெறும் வயிற்றில் 165, 180. சாப்பிடாமலே எப்படி ஏறும்? எங்கள் அச்சகத்தில் எனக்கு மட்டும்தான் இந்த வியாதி.
– வாசகர், சிவகாசி

சாப்பிடாவிட்டாலும் ஈரல் சும்மா இருக்காது. சேர்த்து வைத்த சர்க்கரையை ராத்திரி முழுக்கக் கொஞ்சம் கொஞ்சமாக ரத்தத்தில் விட்டுக்கொண்டே இருக்கும். விடியப்போகும் நேரத்தில் உடம்பை எழுப்ப சில ஹார்மோன்கள் சுரக்கும். அப்போது இன்னும் கூட விடும். இன்சுலின் ஒழுங்காக வேலை செய்தால் ‘போதும் நிறுத்து’ என்று ஈரலை அதட்டும். உங்களுக்கு அந்த அதட்டல் எடுபடவில்லை. எனவே வெறும் வயிற்றுக் கணக்கைச் சரி செய்ய ராத்திரிப் பட்டினி கிடப்பது வீண்வேலை. மாத்திரையின் அளவும் நேரமும் டாக்டர் பார்க்க வேண்டியவை.

சப்பாத்தி எத்தனை, தொட்டுக்கொள்ள என்ன என்று நீங்கள் எழுதவில்லை. நாலு சப்பாத்தியும் உருளைக்கிழங்கு குருமாவும் என்றால், சோறு வேறு சட்டை போட்டுக்கொண்டு வந்திருக்கிறது, அவ்வளவுதான். படுக்கும் முன் ‘மலச்சிக்கலுக்கு’ என்று ஒரு வாழைப்பழமும் பாலும் உண்டா? நம் பக்கம் அது உண்டு; கணக்கில் யாரும் சொல்ல மாட்டார்கள். பக்கத்து வீட்டு அக்கா ஒருத்தி காலையில் சாமிக்கு வாழைப்பழம் உரித்த கையோடு விரலில் குத்திப் பார்த்து, 290 என்று அழுதுகொண்டே வந்தாள். சோப்புப் போட்டுக் கைகழுவித் துடைத்துவிட்டுப் பார்த்தால் 138.

அச்சகத்தில் உங்களுக்கு மட்டும்தானா? இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கவுன்சில் (ஐ.சி.எம்.ஆர்.) ஆய்வு முடிவு 2023-ல் வந்தது. தமிழ்நாட்டில் 20 வயதுக்கு மேற்பட்டவர்களில் 100-க்கு 14 பேருக்குச் சர்க்கரை இருக்கிறது என்றார்கள். உங்களோடு 50 பேர் வேலை செய்தால் ஏழு பேருக்காவது இருக்கும். சோதித்துப் பார்த்தவர் நீங்கள் ஒருவர்.

தைப்பூசத்துக்குத் திருச்செந்தூர் பாதயாத்திரை போகிறேன். நான்கு நாள் நடை. செருப்பில்லாமல் வருவதாக வேண்டுதல். 11 வருடமாகச் சர்க்கரை. மூன்று மாத்திரை சாப்பிடுகிறேன். கால் சில சமயம் பஞ்சுமேல் நடப்பது போல இருக்கிறது. மற்றபடி ஒரு வலியும் கிடையாது. போகலாமா?
– வாசகர், சங்கரன்கோவில்

ஒரு வலியும் கிடையாது என்று எழுதியிருக்கிறீர்களே ஐயா, என்னைப் பயமுறுத்துவதே அந்த வரிதான்.

பாதத்தில் அரை விரல் நீளத்துக்குக் கருவேலமுள்ளும் கண்ணாடிச் சில்லும் ஏறி, சீழ் வைத்து, நாற்றம் எடுத்த பிறகு வந்தவர்களுக்குக் கட்டுப்போட்டிருக்கிறேன். “வலியே இல்ல சிஸ்டர்” என்று பெருமையாகச் சொல்வார்கள். சர்க்கரை நரம்பைத் தின்றுவிட்டால் வலி வராது. சித்திரை வெயிலில் உச்சிவேளைக்குக் கோயில் கல்தளத்தில் பிரகாரம் சுற்றிவிட்டு, இரண்டு உள்ளங்காலும் தோல் உரிந்து வந்தவர் ஒருவர். சூடே தெரியவில்லையாம். வீட்டுக்குப் போய் மனைவி சொல்லித்தான் பார்த்திருக்கிறார். பஞ்சுமேல் நடக்கிற மாதிரி இருப்பது அதே பாதையின் முதல் படி.

வீட்டிலேயே ஒரு சோதனை இருக்கிறது. கண்ணை மூடிக்கொண்டு படுங்கள். பேரனைக் கூப்பிட்டு, இரண்டு காலிலும் பெருவிரல், நடுவிரல், சுண்டுவிரல் நுனியை விரலால் மெதுவாகத் தொடச் சொல்லுங்கள். ஒரு நொடி தொட்டால் போதும், அழுத்தக் கூடாது, தடவக் கூடாது. ஆறு இடத்தில் இரண்டு இடத்தில் தெரியாமல் போனாலே உணர்ச்சி குறைந்திருக்கிறது என்று அர்த்தம். அப்படியென்றால் வெறுங்காலோடு நாலு நாள் தார்ரோட்டில் நடக்கவே கூடாது. பிறகு டாக்டரிடமும் காலைக் காட்டுங்கள். நைலான் இழையால் தொட்டுப் பார்த்து உறுதி செய்வார்கள், பாதத்தில் ரத்த ஓட்டத்தையும் பார்ப்பார்கள்.

வேண்டுதல் என்ன ஆவது என்று கேட்பீர்கள். கோயில் வாசலில் செருப்பைக் கழற்றினால் வேண்டுதல் நிறைவேறிவிடும் என்று என் அப்பா சொல்வார். அவரும் வருடா வருடம் பச்சை வேட்டி கட்டி நடந்தவர்தான். எம்.சி.ஆர். செருப்பு என்று கேட்டு வாங்குங்கள். மெத்தென்ற ரப்பர், பின்னால் வார் இருக்கும். ஆனால் கிளம்புகிற அன்று புதுச்செருப்பைப் போடாதீர்கள். இரண்டு மாதம் முன்னாலேயே வாங்கி, முதலில் அரை மணி, பிறகு ஒரு மணி என்று பழக்குங்கள். வெள்ளை நிறப் பருத்தி சாக்ஸ் போடுங்கள். ரத்தமோ நீரோ கசிந்தால் கண்ணில் படும். தங்குகிற ஒவ்வொரு இடத்திலும் பாதத்தின் அடியைக் கைபேசி வெளிச்சத்தில் பாருங்கள், குனிய முடியாவிட்டால் கூட வருகிறவரிடம் காட்டுங்கள். கொப்புளம் வந்தால் ஊக்கால் குத்தி உடைக்காதீர்கள். அன்றோடு நடையை நிறுத்திப் பஸ் ஏறுங்கள். கால் வலிக்கிறது என்று வெந்நீரில் ஊறப்போடுவது வேண்டவே வேண்டாம். சூடு உங்களுக்குத் தெரியாது.

அடுத்தது, நடக்கும்போது சர்க்கரை இறங்குவது. உங்கள் மூன்று மாத்திரையில் ஒன்று, கணையத்தைத் தூண்டி இன்சுலினைச் சுரக்கவைக்கும் கிளிமிபிரைடாக இருந்தால், காலையில் அதைப் போட்டுவிட்டு வெறும் வயிற்றோடு இருபது கிலோமீட்டர் நடந்தால் வழியில் விழுந்துவிடுவீர்கள். போகும் முன் டாக்டரிடம், அந்த நாலு நாளைக்கு மட்டும் என்ன அளவு என்று கேட்டு எழுதி வாங்குங்கள். சட்டைப்பையில் குளுக்கோஸ் பொடி வைத்துக்கொள்ளுங்கள். ‘கடலைமிட்டாய் இருக்கே’ என்று சொல்லாதீர்கள். வோக்லிபோஸ் என்ற மாத்திரையும் உங்கள் சீட்டில் இருந்தால், சாதாரணச் சீனியும் மிட்டாயும் சீக்கிரம் செரித்து ரத்தத்துக்கு வராது, அந்த மாத்திரையின் வேலையே அதைத் தடுப்பதுதான். தலைசுற்றும் நேரத்தில் குளுக்கோஸ்தான் காப்பாற்றும்.

வழியெல்லாம் பந்தல் போட்டுப் பானகம், கேசரி, சுண்டல் என்று கொடுப்பார்கள். சுண்டலில் கையை வையுங்கள்.

அப்பாவுக்கு 70 வயது. மாத்திரை சாப்பிட்டால் கிட்னி போய்விடும் என்று ஒருவர் சொன்னதைக் கேட்டு மெட்பார்மினை நிறுத்திவிட்டு ஆவாரம்பூ கஷாயம் குடிக்கிறார். வீடு தேடிக் கொண்டுவந்து தரும் மாத்திரைகளை டப்பாவில் அடுக்கி வைத்திருக்கிறார்.
– வாசகி, அருப்புக்கோட்டை

‘ஆவாரை பூத்திருக்கச் சாவாரைக் கண்டதுண்டோ’ என்று சொல்லியிருப்பாரே? எங்கள் ஓ.பி.யில் வாரத்துக்கு நாலு பேர் சொல்வார்கள். பூவோடு எனக்குச் சண்டை இல்லை. சித்த மருத்துவத்தில் அதற்கு இடம் இருக்கிறது. குடிக்கிறதானால் அதைப் படித்த சித்த மருத்துவரைப் பார்த்து, சர்க்கரையைச் சோதித்துக்கொண்டு குடிக்கட்டும். மாத்திரையை நிறுத்தியதுதான் தப்பு.

கிட்னியைக் கெடுப்பது கூடிப்போன சர்க்கரையும் கூடிப்போன பிரஷரும். அது கெட்டுப்போன பிறகுதான் மெட்பார்மின் ஒத்துவராது. கிட்னி வடிகட்டும் அளவு 30-க்குக் கீழே போனால் டாக்டரே அதை நிறுத்துவார். மாத்திரையை நிறுத்துவதும் பிறகு டயாலிசிஸ் தொடங்குவதும் அடுத்தடுத்து வருவதால் ஜனங்கள் பழியை மாத்திரைமேல் போட்டுவிட்டார்கள். வருடத்துக்கு ஒரு முறை ரத்தத்தில் கிரியேட்டினின், சிறுநீரில் புரதம் இரண்டும் பார்த்தால் அப்பாவின் பயத்துக்குப் பதில் காகிதத்திலேயே கிடைக்கும். மெட்பார்மின் வருடக்கணக்கில் சாப்பிடுகிறவர்களுக்கு பி12 சத்து குறையலாம். அதையும் ஒரு தடவை பாருங்கள்.

செடிமேல்தான் அவருக்கு நம்பிக்கை என்றால் இதைச் சொல்லுங்கள்: ஐரோப்பாவில் காலேகா என்று ஊதாப்பூ பூக்கும் ஒரு செடி. அதிலிருந்த சரக்கை ஆராயப் போய்த்தான் மெட்பார்மின் வந்து சேர்ந்தது. 1957-ல் ழான் ஸ்டெர்ன் என்ற பிரெஞ்சு டாக்டர் சர்க்கரைக்காரர்களுக்குக் கொடுத்துப் பார்த்து எழுதினார். என் அப்பாவிடம் இந்தக் கதை செல்லுபடியானது.

லேபிள் இல்லாத டப்பாப் பொடி எதுவும் வீட்டில் இருக்கிறதா என்று மட்டும் பாருங்கள். ‘மூலிகை’ என்று விற்பதில் ஆங்கில மருந்தை அரைத்துக் கலந்துவிடுகிறவர்கள் உண்டு. சர்க்கரை திடீரென்று இறங்கி ஆள் மயங்கி வந்தால், என்ன சாப்பிட்டார் என்று எங்களுக்கும் தெரியாது, அவருக்கும் தெரியாது.

வயது 44. எச்.பி.ஏ.1.சி. 6.7 என்று வந்தது. சர்க்கரை நோய் என்றார்கள். வெறும் வயிற்றில் 94, சாப்பிட்ட பின் 130. ரத்தம் 8 கிராம்தான் இருக்கிறது. மாதவிடாய் எட்டு நாள் போகிறது. எதை நம்புவது?
– வாசகி, தேனி

அந்த 6.7-ஐ இப்போதைக்கு ஓரமாக வையுங்கள். எச்.பி.ஏ.1.சி. என்பது, சிவப்பணுவில் ஒட்டியிருக்கும் சர்க்கரையைப் பார்த்து, கடந்த இரண்டு மூன்று மாதச் சராசரியைச் சொல்லும் பரிசோதனை. சிவப்பணுவின் ஆயுள் சுமார் 120 நாள். இரும்புச்சத்து குறைந்த ரத்தசோகையில் அந்தக் கணக்கு மாறி, இல்லாத சர்க்கரையைக் கூட்டிக் காட்டலாம். குளுக்கோஸ் குடித்து இரண்டு மணி நேரம் கழித்துப் பார்க்கும் சோதனை செய்யச் சொல்லுங்கள்.

அரிசியை அள்ளி வாயில் போட்டு மெல்லும் ஆசை இருக்கிறதா? இருந்தால் வெட்கப்படாமல் டாக்டரிடம் சொல்லுங்கள். அது இரும்புக் குறைவின் அடையாளம். எட்டு நாள் ரத்தப்போக்குக்கு மகளிர் மருத்துவரைப் பாருங்கள். உங்களுக்கு அவசரம் அதுதான்.

26 வாரக் கர்ப்பம். குளுக்கோஸ் தண்ணீர் குடித்து இரண்டு மணி நேரத்தில் 152. அடுத்த வாரம் வளைகாப்பு. பிரசவம் ஆனதும் போய்விடும் என்கிறார் மாமியார். – வாசகி, கம்பம்

75 கிராம் குளுக்கோஸ் குடித்து இரண்டு மணி நேரத்தில் 140 அல்லது அதற்கு மேல் வந்தால் கர்ப்பகாலச் சர்க்கரை. சாப்பாட்டை ஒழுங்குபடுத்தி, சாப்பிட்டதும் நடந்தாலே பலருக்குக் கட்டுப்படும். இல்லையென்றால் இன்சுலின், பயப்பட ஒன்றுமில்லை. வளைகாப்பில் ஏழு வகைச் சோறும் தட்டில் இருக்கட்டும். ஒவ்வொன்றிலும் ஒரு கரண்டி, போட்டோவுக்கு ஒரு சிரிப்பு.

மாமியார் சொல்வது பாதி சரி. 1991-ல் என் இரண்டாவது பிரசவத்தின்போது எனக்கும் வந்தது, பிள்ளை பிறந்ததும் போனது. நானே நர்ஸ், அடுத்த பன்னிரண்டு வருடம் ஒருநாள்கூட விரலில் குத்திப் பார்க்கவில்லை. 2003-ல் கண் மங்குகிறது, கண்ணாடி மாற்ற வேண்டும் என்று போனேன். கண் டாக்டர் விழித்திரையைப் பார்த்துவிட்டு, “சிஸ்டர், எத்தனை வருஷமா சுகர்?” என்றார். எனக்குச் சர்க்கரையே இல்லை என்றேன். அன்று 312. எத்தனை வருடமாக அது உள்ளே இருந்தது என்று யாருக்குத் தெரியும். நீங்கள் பிரசவமாகி ஆறாவது வாரத்தில் இருந்து பன்னிரண்டாவது வாரத்துக்குள் ஒரு தடவை, அதன் பிறகு வருடா வருடம் பாருங்கள். பிள்ளையின் பிறந்தநாளை ஞாபகத்துக்கு வைத்துக்கொண்டால் மறக்காது.

சிஸ்டர் பாட்டி, எனக்கு 13 வயசு. எட்டு மாசமா தினமும் நாலு ஊசி. இது எப்பவும் போகாதா? ஸ்கூல்ல மத்தியானம் டாய்லெட்ல போய்தான் ஊசி போடுறேன். பி.டி. பீரியட்ல என்னை மட்டும் உட்கார வைக்கிறாங்க. – மாணவி, கோவில்பட்டி

கண்ணு, உன்னிடம் பொய் சொல்ல மாட்டேன். உனக்கு வந்திருப்பது எங்களைப் போன்ற பெரியவர்களுக்கு வருவது இல்லை. உன் கணையம் இன்சுலின் சுரப்பதையே நிறுத்திவிட்டது. நீ மிட்டாய் தின்றதாலும் இல்லை, அம்மா கவனிக்காததாலும் இல்லை. இன்றைய மருத்துவத்தில் ஊசி தொடரத்தான் வேண்டும். யாராவது பொடி கொடுத்து ஊசியை நிறுத்தச் சொன்னால், அது எந்த அத்தையாக இருந்தாலும் கேட்காதே.

ஏறக்குறைய உன் வயதுப் பையன் ஒருவன், லியனார்ட் தாம்ஸன் என்று பெயர், கனடாவில் டொராண்டோ ஆஸ்பத்திரியில் எலும்பும் தோலுமாகக் கிடந்தான். அந்தக் காலத்தில் இந்த நோய்க்குப் பட்டினி போடுவதுதான் வைத்தியம். 1922 ஜனவரி 11-ம் தேதி அவனுக்குத்தான் முதன்முதலில் இன்சுலின் போட்டார்கள். முதல் ஊசி சரியாக வேலை செய்யவில்லை. மருந்தை இன்னும் சுத்தம் செய்து 23-ம் தேதி மறுபடி போட்டார்கள். பையன் எழுந்து உட்கார்ந்தான். நீ டாய்லெட்டில் ஒளிந்துகொண்டு போடுகிறாயே, அது அந்த மருந்தின் வம்சம்தான்.

ஒளிய வேண்டாம். வகுப்பிலோ, ஆசிரியர் அறையிலோ, சுத்தமான இடத்தில் உட்கார்ந்து போடு. விளையாட்டும் உனக்கு உண்டு. அதற்கு முன் சோதித்துக்கொள், குறைவாக இருந்தால் ஏதாவது சாப்பிட்டுவிட்டு இறங்கு, அளவெல்லாம் உன் டாக்டரிடம் கேள். உட்கார வைப்பவர்கள் கெட்டவர்கள் இல்லை, பயந்தவர்கள். அவர்களுக்கு என்ன செய்வதென்று தெரியாது. அதனால் ஒரு அட்டையில், உன் கையெழுத்திலேயே, இப்படி எழுது:

‘எனக்குச் சர்க்கரை நோய் இருக்கிறது. நான் வியர்த்து நடுங்கினாலோ, பேச்சு குழறினாலோ, காரணமில்லாமல் அழுதாலோ கோபப்பட்டாலோ என் பையின் முன்னறையில் இருக்கும் குளுக்கோஸை மூன்று டீஸ்பூன் தண்ணீரில் கலந்து கொடுங்கள். 15 நிமிடத்தில் சரியாகாவிட்டால் மறுபடி கொடுங்கள். என்னைத் தனியாக எங்கேயும் அனுப்பாதீர்கள். மயங்கிவிட்டால் வாயில் எதுவும் ஊற்றாமல், ஒருக்களித்துப் படுக்கவைத்து, 108-க்குக் கூப்பிடுங்கள்.’

கீழே அம்மாவின் நம்பர். லேமினேட் செய்து மூன்று பிரதி எடு: ஒன்று கிளாஸ் டீச்சருக்கு, ஒன்று பி.டி. சாருக்கு, ஒன்று உன் பக்கத்தில் உட்காருகிற தோழிக்கு.